பாலமீன்மடு வெளிச்சவீடு: முதன்முறை போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு நகரில் ஏறிநின்று பார்க்க ஒரு மலையும் கிடையாது. பெயரிலேயே மட்டமும் களப்பும் இருக்கிற ஊர். எங்கே நின்றாலும் வாவித் தண்ணீரும் உங்கள் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில்தான். அதனால் இங்கே எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள், காற்று எங்கிருந்து அடிக்கிறது என்ற மூன்றும்தான் காட்சியைத் தீர்மானிக்கும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஓட்டோவில் பாலமீன்மடுவுக்கு வந்து இறங்கி, வெளிச்சவீட்டின் (கலங்கரை விளக்கத்தின்) வெள்ளைக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்து, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தம்" என்று திரும்புகிறவர்களை எந்த விடுமுறை நாளிலும் காணலாம். அவர்களுக்கு இடம் பிழைக்கவில்லை, மணிக்கூடுதான் பிழைத்தது.

தொடங்கவேண்டிய இடம் காந்தி பூங்கா

நேரே வெளிச்சவீட்டுக்குப் போகலாம்தான். ஆனால் நகர நடுவில் வாவிக்கரையோரம் உள்ள காந்தி பூங்காவில் ஒரு இருபது நிமிடம் நின்றுவிட்டுப் போனால், அங்கே போய்ப் பார்ப்பது என்னவென்று விளங்கும். பூங்காவின் பக்கத்தில் தண்ணீரோரம் ஒரு வாயில் நிற்கிறது: மட்டக்களப்பு வாயில். மதிலும் கோட்டையும் இல்லாமல் தனியே ஒரு வாயில் ஏன் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பழைய இறங்குதுறை இருந்த இடம் அது. பாலங்கள் வருமுன், பழைய நகர் இருக்கும் தீவான புளியந்தீவுக்கும் பெருநிலத்துக்கும் போக்குவரத்து வள்ளத்தில்தான். 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இறங்கியது இந்தத் துறையில் என்று சொல்வார்கள். அவருடைய சிலையும் இங்கே உண்டு. வந்து ஒரு வருடம் ஆகுமுன், 1815 ஏப்ரலில் இறந்துபோனார்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஊரின் பழைய வாசல் தண்ணீர்ப் பக்கம். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டியதும், ஒல்லாந்தர் 1638 மே மாதம் அதைப் பிடித்ததும் அந்த வாசலுக்காகத்தான். வெளிச்சவீடு 1913இல் எழுந்தது. கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. ரயில் 1928இல் வந்தது. அந்த இரண்டும் வந்தபிறகு ஊர் மெல்ல முகத்தைத் தரைப் பக்கம் திருப்பிக்கொண்டது. காந்தி பூங்காவின் வாயில் உள்வாசல், பாலமீன்மடுவில் வாவி கடலைத் தொடும் முகத்துவாரம் வெளிவாசல். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். இந்த வழிகாட்டியின் பாதை அதுதான்.

எந்த மாதம்

பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை வருவதையே நாம் சொல்வோம். மாரி ஓய்ந்திருக்கும், வாவியில் தண்ணீர் நிறைந்திருக்கும், கண்டல் மரங்கள் கழுவிவிட்டதுபோல் பச்சையாக இருக்கும், கோடைக் காற்று இன்னும் தொடங்கியிராது.

மே மாதத்திலிருந்து கச்சான். இங்கே கச்சான் என்றால் இரண்டு: கொறிக்கிற கடலை ஒன்று, முகத்தில் அறைகிற மேல்காற்று மற்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து சூடேறி இறங்குகிறது. அது பலக்க அடிக்கும் நாளில் வாவி முழுக்கச் சிற்றலை எழும்பும், மணல் கண்ணுக்குள் வரும், தொப்பி பறக்கும். கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கடல் மட்டும் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பி மிதவையில் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். காற்று மிதவையைக் கரைக்குக் கொண்டுவராது, வெளியேதான் தள்ளும். கச்சான் மாதங்களில் வருகிறவர்கள் விடியற்காலையை மட்டும் நம்பவேண்டும். காற்று அப்போதுதான் அடங்கியிருக்கும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி. நவம்பர், டிசம்பரில் பெருமழை, சிலவேளை வெள்ளம். அந்த நாட்களில் வருவது வேறு அனுபவம். அதைப் பற்றிக் கீழே முகத்துவாரம் என்ற பகுதியில்.

எத்தனை மணிக்கு

விடியலுக்கு. வருடம் முழுவதும் இங்கே சூரியன் காலை 5.45க்கும் 6.25க்கும் இடையில் எழும். ஜூனில் முந்தி, பெப்ரவரியில் பிந்தி. கிழக்கு வெளுப்பது அதற்கு இருபது இருபத்தைந்து நிமிடம் முன்னால். நிறங்கள் மாறுவது அந்த இருபது நிமிடத்தில்தான், சூரியன் மேலே வந்தபிறகு அல்ல. ஆகவே சூரிய உதயத்துக்கு அரை மணித்தியாலம் முன் வெளிச்சவீட்டடியில் நிற்கவேண்டும். நகரிலிருந்து ஓட்டோவில் கால் மணித்தியாலம், சைக்கிளில் இருபத்தைந்து நிமிடம் என்று கணக்குப் போட்டுப் புறப்படுங்கள்.

ஒன்பது மணிக்குமேல் மணல் சுடத் தொடங்கும். பத்து மணிக்கு வெறுங்காலோடு நடக்க முடியாது.

விடிய எழும்ப முடியாதவர்கள் பின்னேரம் நாலரைக்குப் பிறகு வரலாம். சூரியன் தரைப் பக்கம், கண்டல்களுக்குப் பின்னால் இறங்கும். கடல் பக்கம் வானம் மெதுவாக ரோசாவாகும். பலர் கடலைப் பார்த்துக்கொண்டு சூரியன் மறைவதற்குக் காத்திருந்து ஏமாறுகிறார்கள். இது கிழக்குக் கரை. கடலில் சூரியன் எழும், விழாது. இன்னொன்று: ஆறரைக்குப் பிறகு இருட்டு சட்டென்று விழும், திரும்பும் வழியில் வெறும் ஓட்டோ கிடைப்பது அரிது, கண்டலோரம் நுளம்பு மொய்க்கும்.

போகும் வழி

கொழும்பிலிருந்து ரயில் எட்டு ஒன்பது மணித்தியாலம் எடுக்கும். மழைக்காலத்தில் பாதை பாதிக்கப்படுவதுண்டு, முதல்நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்முனைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கல்லாற்றைத் தாண்டும்போது வாவியின் தெற்கு வாயைக் கடந்துவிடுகிறார்கள். பாலமீன்மடுவில் பார்க்கப்போவது அதே வாவியின் வடக்கு வாய். நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர்.

நகரிலிருந்து பிடிக்கவேண்டியது பார் வீதி. பெயரைக் கேட்டதும் சாராயக்கடை நினைவுக்கு வந்தால் உங்களில் குற்றமில்லை. இந்த 'பார்' கடல்வாயில் குவியும் மணல்திட்டு. வாவிக்கு அந்தப்பக்கம் கல்லடியில் இருக்கும் டச்பாரிலும் அதே சொல்தான். திட்டைத் தேடிப் போகும் வீதி என்பதால் அது நேரே உங்களை முகத்துவாரத்தில் கொண்டுபோய் விடும். மேடு பள்ளமே இல்லாத பாதை. தங்குமிடத்தில் சைக்கிள் இரவல் கிடைத்தால் அதுவே உத்தமம். காலையில் போகும்போது வலப்பக்கம் அடிக்கடி வாவி எட்டிப்பார்க்கும், தோணியில் வலை இழுத்து வருகிறவர்களைக் காணலாம்.

ஓட்டோவில் போவதென்றால் போகிற கூலியை மட்டும் பேசி ஏறுவதுதான் புதியவர்கள் விடும் முதல் பிழை. விடியற்காலையில் அங்கே திரும்பிவர வாகனம் நிற்காது. முதல்நாள் பின்னேரமே பேசிவிடுங்கள்: "அண்ணன், விடிய அஞ்சு மணிக்கு வெளிச்சவீட்டடிக்குப் போய், ரெண்டு மணித்தியாலம் நிண்டு, திருப்பிக் கொண்டுவந்து விட எவ்வளவு?" போவது, நிற்பது, வருவது மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கவேண்டும். பதிலில் "மனே" என்ற சொல் வந்தால் யோசிக்கவேண்டாம், மகனே என்பதுதான் இங்கே அப்படித் தேய்ந்திருக்கிறது. வயதான ஆள் அப்படிக் கூப்பிட்டால் கூலி நியாயமாக இருக்கும் என்று எண்ணலாம், உறுதி சொல்லமாட்டோம்.

'வெளிச்சவீடு' என்றே கேளுங்கள். கலங்கரை விளக்கம் என்றால் விளங்கும், ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

வரைபடத்தைப் பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிச்சவீட்டிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் நீண்ட மணல்கரை தெரியும், கூப்பிடு தூரம்போல. அது நாவலடிப் பக்கம். அங்கே போக வீதி இல்லை. நகருக்குத் திரும்பி, கல்லடிப் பாலம் ஏறி, மறுகரையால் வரவேண்டும். இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம் என்று போடும் திட்டம் பெரும்பாலும் வெயிலில் முடியும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும்

கோபுரம் 28 மீற்றர் உயரம், வட்டமான வெள்ளைக் கட்டடம். உச்சியில் நின்றால் தொடுவானம் ஏறத்தாழ 19 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். கரையில் நிற்கிற உங்கள் கண்ணுக்கு அது நாலரைக் கிலோமீற்றர்தான். 1913இல் இதற்குச் செலவழித்ததன் காரணம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. தட்டையான கரை, அடையாளம் சொல்ல ஒரு குன்றும் இல்லை. தென்னைகளும் மணலும் ஒரே கோடாகத் தெரியும் இடத்தில் கப்பலோட்டி வாவியின் வாயை எப்படிக் கண்டுபிடிப்பான்?

மேலே ஏறுவதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கதவு பூட்டியிருந்தால் பூட்டியதுதான்; வேலியோ படியோ தாண்ட முயலவேண்டாம். ஏறாமலே பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது, இந்த ஒழுங்கில் பாருங்கள்:

முதலில் கடல் பக்கம். வெளுக்கத் தொடங்கும்போது கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கிழக்கே பார்த்து நில்லுங்கள். சூரியன் தொடுவானத்தை விட்டு ஒரு சாண் உயரும்வரை அங்கேயே.

பிறகு திரும்புங்கள். இப்போது கோபுரத்தின் கடல்பக்கச் சுவரில் வெயில் முழுக்க விழுந்து, வெள்ளைச் சுண்ணம் கொஞ்ச நேரம் மஞ்சளாக நிற்கும். படம் எடுக்கிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். மிகக் கிட்ட நின்று போனை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். அடியிலிருந்து அறுபது எட்டு வைத்துப் பின்னால் போங்கள், ஏறத்தாழ 45 மீற்றர். அங்கிருந்து போனை நெட்டுக்கு, சாய்க்காமல் பிடித்தால் பெரும்பாலான போன்களின் சாதாரண லென்சிலேயே உச்சி அடங்கிவிடும். வெள்ளை வெளிறிப்போனால் திரையில் கோபுரத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நீல வானம் தானாக வரும். காலையில் தரைப்பக்கம் நின்று எடுத்தால் கோபுரம் கறுப்பு நிழலாகத்தான் வரும். டிரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு; அனுமதி இல்லாமல் கொண்டுவரவேண்டாம்.

மூன்றாவதாக வாவிப் பக்கம். வெயில் ஏறும்போது கண்டல் ஓரத்தில் கொக்கும் நீர்க்காகமும் இரைதேடும், மேலே செம்பருந்து வட்டமிடும். அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் மட்டும் மூச்சுவேர்களுக்கிடையில் நண்டுகள் வெளியே வரும். சேற்று மட்டத்துக்குமேல் பென்சில் நட்டுவைத்ததுபோல் நிற்பவைதான் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை மேலே அனுப்பி மூச்செடுக்கிறது. மிதித்தால் முறியும், உங்கள் காலும் கிழியும். வாவியில் முதலை உண்டு என்பதை விளையாட்டாக எடுக்கவேண்டாம். கண்டலோரத் தண்ணீரில் கால் நனைக்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் சிறுவர் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் கடைசி அரை மணித்தியாலத்தை அங்கே செலவழிக்கலாம். பள்ளி விடுமுறை நாளிலும் சனி ஞாயிறு பின்னேரங்களிலும் சனம் நிறையும்.

வள்ளத்தில் கண்டல்களுக்கூடாகச் சுற்றிக்காட்டுகிறவர்களும் உண்டு. ஏறுமுன் மூன்று விசயம் பேசுங்கள்: எத்தனை நிமிடம், வள்ளத்துக்கு மொத்தமாகவா ஆளுக்கா, எல்லாருக்கும் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா. ஒரு சட்டை குறைந்தாலும் ஏறாதீர்கள். கச்சான் மாதத்தில் எட்டு மணிக்குள் முடிக்கப் பாருங்கள். போகும்போது காற்று பின்னால் தள்ளுவது சுகமாக இருக்கும், திரும்பும்போது முகத்தில் தண்ணீர் அடிக்கும், போன் நனையும்.

முகத்துவாரம்: அழகும் ஆபத்தும்

இந்த இடத்தின் உயிரே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, ஒரு மீற்றர்கூட வராது. ஆகவே வாயைத் திறந்து வைத்திருக்கும் பலம் கடலுக்கு இல்லை. அது மழைக்குத்தான் உண்டு. கோடையில் வாவிக்குள் வரும் நீர் குறைந்ததும், அலை கரையோரமாக மணலை இழுத்துவந்து வாயில் போட்டு மெல்ல அடைக்கும். வாவி ஒரு மூடிய குளம்போல் கிடக்கும். மாரியில் மேட்டுநிலத்து ஆறுகளின் வெள்ளமெல்லாம் வாவிக்குள் வந்து, வெளியேற வழியில்லாமல் தாழ்ந்த வயல்களும் வீடுகளும் மூழ்கத் தொடங்கும்போது 'முகத்துவாரம் வெட்டுவார்கள்'. மணல்திட்டில் ஒரு வாய்க்கால் தோண்டிவிட்டால் போதும். மிச்சத்தை வெள்ளமே செய்யும். சில மணித்தியாலத்தில் வாய்க்கால் ஆறாகிவிடும். நீலக் கடலுக்குள் செம்மண் நிற நீர் நாக்கு நீட்டியதுபோல் போவதைக் கரையில் நின்றே காணலாம்.

வெட்டு நடக்கிற செய்தி கேட்டு வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று: வாய்க்காலின் கரை. ஓடும் நீர் மணலை அடியில் அரித்தெடுக்கும். மேலே தட்டையாக, உறுதியாகத் தெரியும் மணல் உள்ளே குடையப்பட்டிருக்கும். விளிம்புக்கு இணையாக மெல்லிய வெடிப்புக்கோடு தெரிந்தால் அந்தத் துண்டு விழப்போகிறது என்று அர்த்தம். விளிம்பிலிருந்து குறைந்தது பத்து எட்டு வைக்கிற தூரம் தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். விழுந்தவரை நீர் நேரே கடலுக்குத்தான் கொண்டுபோகும்.

வெட்டாத நாளிலும் வாயருகில் குளிக்கவேண்டாம். மேலே கண்ணாடிபோல் இருக்கும். கீழே இழுவை இருக்கும், நேற்று முழங்கால் ஆழமான இடம் இன்று ஆளை மறைக்கும். கடலில் குளிக்கவேண்டுமென்றால் வாயைவிட்டு நன்றாகத் தள்ளி, ஊர்க்காரர் குளிக்கும் இடத்தில் மட்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையைத் துடைத்துப் போட்டது. எதிரே தெரியும் நாவலடியில் போன உயிர்கள் மிகப் பல. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் சனங்கள் கரைக்கு வந்து விளக்கேற்றுவார்கள். அன்றைக்கு வர நேர்ந்தால் கமராவை உறைக்குள் வையுங்கள். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அறிவித்தலுக்குக் காத்திராமல் கரையைவிட்டு உள்நோக்கிப் போகவேண்டும் என்பதைக் கூட வருகிற பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கொண்டுபோகவேண்டியவை

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், நாடி கட்டும் தொப்பி, பின்வார் உள்ள செருப்பு, நுளம்பு எண்ணெய், சில்லறைக் காசு. வெளிறிய நீளக்கைச் சட்டை வெயிலுக்கும் நுளம்புக்கும் ஒன்றாக உதவும். விடிய ஐந்து மணிக்கு அங்கே கடை இருக்கும் என்று எண்ணவேண்டாம். புட்டோ பாணோ கட்டிக்கொண்டு போங்கள், குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். தின்ற பார்சலைக் காற்றில் விட்டால் அது கண்டல் வேரில் போய்த் தங்கும், அங்கிருந்து யாரும் எடுக்கமாட்டார்கள்.

இரவு மிச்சமிருந்தால்

வாவியில் மீன் பாடும் என்பது இந்த ஊரின் பழைய பேச்சு. வந்தது போயா (முழுநிலா) நாளாக இருந்து, மாதம் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையிலானால், அதைக் கேட்கப் பின்னேரம் கல்லடிக்குப் போங்கள். வாகனங்கள் ஓடுவது 2013இல் திறந்த புதிய பாலத்தில்; பக்கத்தில் பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. முழுநிலா சூரியன் மறையும் நேரத்தோடு கடல் பக்கமிருந்து எழும். மறுநாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும், ஆகவே தேதி முக்கியம்.

மீன் பாடுவது கேட்கும் என்று பாலத்தில் நின்று காதைத் தீட்டினால் கேட்காது. மோட்டார் சைக்கிளும் தூணில் அடிக்கும் அலையும்தான் கேட்கும். பாடுவது மீனா, நத்தை வகையான ஊரியா என்பது இன்னும் தீராத வழக்கு. அமெரிக்க இயேசுசபைக் குருவான அருட்தந்தை லாங் நீருக்குள்ளிருந்து அதை ஒலிப்பதிவு செய்தார். உங்களுக்கு ஒலிப்பதிவுக் கருவி தேவையில்லை. காற்றில்லாத இரவில், சந்தடி அடங்கியபின், உயிர்காப்புச் சட்டையோடு ஒரு தோணியில் பாலத்தடிக்குப் போய்த் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். தோணி ஆட்டம் நிற்கட்டும். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் செங்குத்தாக விட்டு, பிடியின் நுனியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திப் பிடியுங்கள். மரம் ஒலியைக் காற்றைவிட நன்றாகக் கடத்தும். ஒரு இடத்தில் கேட்காவிட்டால் தோணியை நாலைந்து பாக தூரம் (ஒரு பாகம் ஆறடி) நகர்த்தி மறுபடி வையுங்கள். ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் வருமே, ஏறத்தாழ அந்த மாதிரி ஒரு நீண்ட ஒலியைத் தேடுங்கள்.